நாணயப் பெட்டியும் ஒரு வர்க்கமூலமும்



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கிலாந்து அரசர்கள் நாணய விடயத்தில் இதையே செய்தார்கள்.

13ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே 'பிக்ஸ் சோதனை' நடந்து வருகிறது. அரச நாணயசாலையில் அடிக்கும் காசுகளில் சிலவற்றை அவ்வப்போது எடுத்து ஒரு பெட்டியில் பூட்டி வைப்பார்கள். அந்தப் பெட்டிக்குத்தான் பிக்ஸ் என்று பெயர். பின்னர் பொற்கொல்லர்கள் கொண்ட நடுவர் குழு அவற்றை எண்ணி, மொத்தமாக நிறுத்து, உருக்கித் தரம் பார்க்கும். நாணயசாலைத் தலைவர் பொன்னைக் குறைத்து மிச்சத்தைச் சுருட்டினாரா என்பதே கேள்வி. 1699 முதல் 1727இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தவர் ஐசாக் நியூட்டன். அவரும் இந்தச் சோதனைக்குக் கட்டுப்பட்டவரே.

இன்று வணிகவியல் மாணவர்கள் படிக்கும் 'சராசரி பற்றிய கருதுகோள் சோதனை' இதுதான். காசின் சராசரி நிறை சட்டப்படி சரியாக இருக்கிறது என்று முதலில் எடுத்துக்கொள்கிறோம். பிறகு பெட்டியிலுள்ள மாதிரி அதற்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கிறோம்.

எல்லாக் காசும் ஒரே நிறையாக இராது. ஆகவே சட்டம் சிறிது வித்தியாசத்தை அனுமதித்தது. ஆனால் காசுகளின் தொகை கூடக் கூட, அனுமதியையும் அதே விகிதத்தில் கூட்டினார்கள். சிக்கல் அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காசின் நிறை 1 அலகு கூடலாம், குறையலாம் என்று வையுங்கள். 100 காசுகளைச் சேர்த்து நிறுத்தால், பழைய வழக்கப்படி 100 அலகு வித்தியாசம் செல்லும். ஆனால் தற்செயலாகக் கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எனவே நியாயமான எல்லை 100இன் வர்க்கமூலம், அதாவது 10 அலகு மட்டுமே. காசுக்கு அரை அலகு வீதம் திருடியவர் 100 காசில் 50 அலகு எடுத்திருப்பார். இருந்தும் சோதனையில் தேறிவிடுவார்! நியூட்டன் அப்படிச் செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் செய்திருந்தாலும் அந்தச் சோதனை காட்டிக்கொடுத்திராது.

இந்த வர்க்கமூல உண்மையைத் தற்செயல் நிகழ்வுகளுக்கு 1733இல் தெளிவாக எழுதிக் காட்டியவர், மத ஒடுக்குமுறையால் பிரான்சை விட்டு இலண்டனில் குடியேறிய ஏப்ரகாம் டி மொய்வர். மாதிரி மிகச் சிறியதானால் என்ன செய்வது என்பதை 1908இல் கின்னஸ் மதுபான ஆலையில் பணிபுரிந்த வில்லியம் கொசெற், 'மாணவன்' என்ற புனைபெயரில் விளக்கினார். 1933இல் நெய்மனும் ஈகன் பியர்சனும் இரண்டு பிழைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்றார்கள். ஒன்று நேர்மையானவரைக் குற்றவாளியாக்குவது. மற்றது குற்றவாளியைத் தப்பவிடுவது.

பிக்ஸ் சோதனை இன்றும் ஆண்டுதோறும் இலண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் நடக்கிறது. கோயில் கணக்கோ சங்கக் கணக்கோ, மாதிரி பார்த்துச் 'சரி' என்று ஒருவர் கையொப்பமிட்டால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிழை இருந்திருந்தால் இந்தச் சோதனை அதைப் பிடித்திருக்குமா?