பிறவி மச்சத்தில் தோன்றும் புற்றுநோய்: அறுவையும் சீரமைப்பும்

தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்கள் கருவிலேயே ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகித் தங்குவதால் பிறவிக் கருமச்சங்கள் உண்டாகின்றன. ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இவை இருப்பினும், பெரும்பாலானவை சிறியவை. அவற்றில் புற்றுநோய் தோன்றுவது மிக அரிது. குழந்தை வளர்ந்து ஆளாகும்போது 20 செ.மீ.க்கு மேல் அகலக்கூடிய மாமச்சங்களே அஞ்சத்தக்கவை. ஏறக்குறைய 20,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இவற்றில், மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய் வாழ்நாளில் தோன்றும் வாய்ப்பு 2 முதல் 5 விழுக்காடு என மதிப்பிடப்படுகிறது.

பிற மெலனோமாக்கள் பெரும்பாலும் மேல்தோலில் தொடங்க, மாமச்சத்தில் அது ஆழத்திலும் தொடங்கக்கூடும் என்பதால், நிறமாற்றத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் மச்சம் முழுவதையும் விரலால் தடவிக் கட்டி தென்படுகிறதா என்று அறிவது இன்றியமையாதது. ஆயினும் பச்சிளங்குழந்தைகளின் மச்சத்தில் தீங்கற்ற முடிச்சுகளும் எழுவதுண்டு. அவை நுண்ணோக்கியிலும் புற்றைப் போலவே தோன்றக்கூடியவையாதலால், பெரிய அறுவைக்கு முன் அனுபவமிக்க நோயியலாளரின் கருத்தைப் பெறுவது அவசியம்.

புற்று உறுதியானபின், அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதை மில்லிமீட்டரில் குறிக்கும் பிரெஸ்லோ தடிமனைக் கொண்டு வெட்டும் எல்லை வகுக்கப்படுகிறது. 1 மி.மீ. வரையிலான கட்டியைச் சுற்றி 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேற்பட்டதைச் சுற்றி 2 செ.மீ. நலமான தோலும் சேர்த்து அகற்றப்படும். தடிமன் மிகுந்தால், புற்றுச் செல்கள் முதலில் சென்றடையும் காவல் நிணநீர்க் கணுவும் எடுத்து ஆராயப்படும்.

சீரமைப்பு இதற்கு அடுத்த படியே. சிறு புண்ணை நேராகத் தைக்கலாம். பெரியதற்குத் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டலாம், அல்லது இரத்த ஓட்டத்தோடு அருகிலுள்ள தோலைத் திருப்பி மூடலாம். திருப்பி மூடியபின் விளிம்பில் புற்று எஞ்சியதாக ஆய்வறிக்கை வந்தால், எஞ்சிய இடத்தைத் துல்லியமாகக் கண்டறிவது கடினமாகிவிடும். எனவே அறிக்கை வரும்வரை புண்ணைத் தற்காலிகமாக மூடிவைத்துக் காத்திருப்பதே நன்று. நலமான தோலின் அடியில் சிலிக்கோன் பையை வைத்து, வாரந்தோறும் உப்புநீர் ஏற்றி, தோலை விரியச்செய்யும் முறையும் உண்டு; தோலை இவ்வாறு விரிப்பதை 1957-இல் சார்ல்ஸ் நியூமன் இரப்பர் பலூனைக் கொண்டு முதன்முதலில் விவரித்தார். நிறமும் தன்மையும் பொருந்திய தோலைத் தரும் சிறந்த முறை இது. எனினும் மாதக்கணக்கில் நீள்வதால், புற்றில்லாத மச்சத்தைப் படிப்படியாக நீக்குவதற்கே பொருந்தும்.

அவ்வாறு முன்கூட்டியே நீக்குவதும் முழுக்காப்பு அன்று. மச்சச் செல்கள் கொழுப்பிலும் தசையிலும் ஊடுருவியிருக்கலாம், சிலருக்கு மூளையின் உறைகளிலும் இருக்கலாம். ஆகவே அறுவைக்குப் பின்னரும் தழும்பையும், ஒட்டிய தோலின் அடிப்பகுதியையும், நிணநீர்க் கணுக்களையும் ஆண்டுக்கணக்கில் தடவிப் பரிசோதித்துவர வேண்டும்.