சந்திரகிரிக் கவுலும் கனெக்டிகட் பட்டயமும்

சென்னை ஆங்கிலேயர் கைக்குப் போன ஆவணம் சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகாலில் ஒப்பமானது என்று சொல்வதுண்டு. 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு அந்தக் கவுலை, அதாவது உரிமைச் சாசனத்தை, தந்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். சந்திரகிரியையும் வேலூரையும் இருக்கையாகக் கொண்ட விசயநகர அரசர் மூன்றாம் வேங்கடருக்கு அடங்கியவர் அவர். அரசரின் சாசனம் வந்ததே 1645இல்தான், மூன்றாம் ஸ்ரீரங்கராயரிடமிருந்து. ஒப்பமான இடத்தைப் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். கோட்டை கட்டலாம், இரண்டாண்டு ஊரை ஆளலாம், நாணயம் அடிக்கலாம், துறைமுக வருவாயில் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்றது கவுல். ஆளும் உரிமை ஒரு வணிகக் கம்பெனிக்குக் கைமாறியது. ஊரில் இருந்த மீனவரையும் நெசவாளரையும் யாரும் கேட்கவில்லை.

அதே 1639 சனவரியில், அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹார்ட்ஃபோர்டு, வின்ட்சர், வெதர்ஸ்ஃபீல்டு என்னும் மூன்று ஊரார் தங்கள் ஆட்சி எப்படி நடக்க வேண்டும் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். ஆளுநரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பின் வேர்களைத் தேடுகிறவர்கள் இந்த ஆவணத்தைத் தவறவிடுவதில்லை. அதன் பக்கத்தில் நம் கவுலை வைத்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

இரண்டு கரைகளிலும் கருவி ஒன்றுதான்: அரசர் கம்பெனிக்குத் தரும் பட்டயம். 1606இல் வர்ஜீனியா கம்பெனி பெற்றதும், 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றதும் ஒரே வகை. பிரிவு தொடங்குவது மாசசூசெட்சில். 1629ஆம் ஆண்டுப் பட்டயத்தில் கம்பெனிக் கூட்டம் லண்டனில்தான் நடக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அந்த இடைவெளியைக் கண்ட பங்குதாரர்கள், ஜான் வின்த்ராப் தலைமையில் 1630இல் பட்டயத்தையே கப்பலில் கொண்டுபோனார்கள். பங்குதாரர் கூட்டம் ஊர்ச் சட்டமன்றமாயிற்று. 1634 முதல் ஊர்ப் பிரதிநிதிகளும் அதில் அமர்ந்தார்கள். சந்தா கட்டியவனின் வாக்கு குடிமகனின் வாக்காக மாறியது இப்படித்தான். (சர்ச் உறுப்பினரான ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை. பூர்வகுடிகளின் நிலத்தின்மேல்தான் அத்தனையும் நடந்தது.) சென்னையை ஆண்ட கம்பெனியின் பங்குதாரர்கள் லண்டனிலேயே இருந்துவிட்டார்கள்.

1680களில் இரண்டு கதைகளும் உரசிக்கொள்கின்றன. மாசசூசெட்சின் பட்டயம் 1684இல் ரத்தானது. 1687இல் கனெக்டிகட்டின் 1662ஆம் ஆண்டு அரச பட்டயத்தைப் பறிக்க அரசரின் ஆளுநர் ஆண்ட்ரோஸ் வந்தபோது, அதை ஒரு கருவாலி மரப் பொந்தில் ஒளித்தார்கள் என்பது அவ்வூர்ப் பழங்கதை. அதே 1687 டிசம்பர் 30 அன்று, இரண்டாம் ஜேம்ஸ் அரசரின் சம்மதத்தோடு, கம்பெனி தன் சொந்த முத்திரையிட்டுச் சென்னைக்கு நகராட்சிப் பட்டயம் வழங்கியது. அங்கே பறிப்பு, இங்கே கொடை! ஆனால் கொடையின் காரணம் வரி. ஊரார் தாங்களே விதித்துக்கொண்ட வரியை முணுமுணுக்காமல் கட்டுவார்கள் என்பது கம்பெனித் தலைவர் ஜொசையா சைல்டின் கணக்கு. பிற்காலத்தில் பாஸ்டன்காரர்கள் உரிமையாகக் கேட்டதை அவர் வசூல் உத்தியாகக் கண்டார்.

1688 செப்டம்பர் 29இல் மாநகராட்சி தொடங்கியது: ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள் (மூத்த உறுப்பினர்கள்), 60 பர்ஜஸ்கள் (நகர உறுப்பினர்கள்). முதல் ஆல்டர்மேன்களில் ஆளங்காத்த பிள்ளை உட்பட மூவர் இந்துக்கள்; போர்த்துக்கீசியரும் யூதரும் இருந்தார்கள். முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன், கனெக்டிகட் கடற்கரையிலுள்ள கில்ஃபோர்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். 1639இல் குடியேறியவர்கள் ஒப்பந்தம் எழுதி உண்டாக்கிய ஊர் கில்ஃபோர்டு. ஹிக்கின்சனின் பாட்டனார் மாசசூசெட்சின் முதல் குருமார்களில் ஒருவர். அப்போது சென்னை ஆளுநராயிருந்த எலிஹு யேலும் பாஸ்டனில் பிறந்தவர்தான். ஒப்பந்தத்தால் ஆளப்படும் ஊர் எப்படி இருக்கும் என்பது ஹிக்கின்சன் அறியாததல்ல. ஆனால் முதல் மேயரையும் ஆல்டர்மேன்களையும் நியமித்தது பட்டயமே. பட்டயமோ கம்பெனியின் பெட்டியில் இருந்தது. வேண்டாம் என்று நினைத்தால் கொடுத்தவரே மாற்றி எழுதலாம்.

கனெக்டிகட் தன் 1662ஆம் ஆண்டுப் பட்டயத்தைக் காப்பாற்றிக்கொண்டு, விடுதலைக்குப் பின்னும் 1818 வரை அதையே அரசியலமைப்பாக வைத்திருந்தது. சென்னையில் 1726இல் புதிய அரச பட்டயம் வந்தது: ஒரு மேயர், ஒன்பது ஆல்டர்மேன்கள், அவர்களில் எழுவர் பிறப்பால் பிரிட்டிஷ் குடிகளாயிருக்க வேண்டும். ஆளங்காத்த பிள்ளை போன்றவர்களுக்கு இருந்த இடம் அதோடு போயிற்று.