பதிவேட்டில் எழுதப்படாதவை: இரு விமான விபத்துகளின் கதை

விமானத்தைச் செலுத்துபவரும் அதனைச் செப்பனிடுபவரும் பல வேளைகளில் நேரில் சந்திப்பதேயில்லை. இரவில் தரையிறங்கும் விமானி, தாம் கண்ட குறையைப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் போய்விடுகிறார். பொறியியலாளர் அதனை வாசித்து, தாம் செய்த திருத்தத்தை எழுதிக் கையொப்பமிடுகிறார். விடிந்ததும் வேறொரு விமானி அந்தப் பக்கத்தை நம்பியே விமானத்தை மேலெழுப்புகிறார்.

பத்திரிகை அலுவலகத்திலும் இரவுப் பணியாளர், காலையில் வருபவருக்குக் குறிப்பு எழுதி வைப்பதுண்டு. அதில் ஒன்று விடுபட்டால் மறுநாள் திருத்தம் வெளியிட்டுச் சமாளித்துவிடலாம். விமானத்துறையில் அந்த வாய்ப்பு இல்லை என்பதற்கு இரு விபத்துகள் சான்றாக உள்ளன.

முதலாவது, 2005 ஓகஸ்ட் 14ஆம் திகதி நிகழ்ந்தது. இலண்டனிலிருந்து அதிகாலையில் சைப்பிரஸின் லார்னகாவுக்கு வந்திறங்கிய ஹெலியோஸ் எயார்வேஸின் போயிங் 737 விமானத்தில், பின்புறக் கதவொன்றிலிருந்து ஓசை கேட்பதாகப் பணியாளர்கள் முறையிட்டிருந்தனர். காற்றுக் கசிவைச் சோதித்த பொறியியலாளர், அதற்காக அறையழுத்தக் கட்டுப்பாட்டு ஆளியைத் தன்னியக்க நிலையிலிருந்து கைமுறை நிலைக்கு மாற்றினார். கசிவு இல்லை எனப் பதிவானது. ஆனால் ஆளி மாற்றிய நிலையிலேயே விடப்பட்டது. அடுத்த பயணத்துக்கு ஆயத்தமான விமானிகளும், புறப்படுமுன் செய்யவேண்டிய சோதனைகளில் அதனைக் கவனிக்கவில்லை.

விமானம் 12,040 அடி உயரத்தை எட்டியபோது எச்சரிக்கை ஒலி எழுந்தது. அறையழுத்தம் குறைவதற்கும், தரையில் புறப்படும் ஒழுங்குகள் சரியில்லாமைக்கும் அவ்விமானத்தில் ஒரே ஒலிதான். தலைமை விமானி அதனைப் பிந்தையதாகவே விளங்கிக்கொண்டார். அவர் ஜேர்மானியர், துணை விமானி சைப்பிரஸ் நாட்டவர். தலைமை விமானி வானொலி மூலம் நிறுவனத்துடன் தொடர்புகொண்டபோது, மறுமுனையில் பேசியவர் அதிகாலையில் அதே விமானத்தைச் சோதித்த பொறியியலாளர். அறையழுத்த ஆளி தன்னியக்க நிலையில் உள்ளதா எனத் தாம் கேட்டதாக அவர் பின்னர் வாக்குமூலம் அளித்தார். விமானியோ, கருவிகளைக் குளிரூட்டும் சாதனத்தின் மின்துண்டிப்பான்கள் எங்கே உள்ளன என்றே திருப்பிக் கேட்டாராம். சரியான கேள்வி, கேட்கவேண்டிய மனிதரிடமே கேட்கப்பட்டது. ஆனால் அது அவர் மனதில் பதியவில்லை. ஒட்சிசன் குறைந்த மூளை அதற்குள் தெளிவை இழக்கத் தொடங்கியிருக்க வேண்டும். எரிபொருள் தீரும்வரை தானாகவே பறந்த விமானம் ஏதென்ஸுக்கு அருகில் வீழ்ந்தது. 121 பேரும் மாண்டனர்.

இரண்டாவது விபத்தில் தகவல் எதிர்த்திசையில் தடைப்பட்டது. 2018 ஒக்டோபர் 28ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் லயன் எயார் நிறுவனத்தின் போயிங் 737 மெக்ஸ் விமானம் பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்தது. காற்றோட்டத்துக்கு எதிராக விமானத்தின் சாய்வுக்கோணத்தை அளக்கும் உணரி அன்றுதான் மாற்றப்பட்டிருந்தது. புதிதாகப் பொருத்தப்பட்ட உணரி ஏறத்தாழ 21 பாகை பிழையாகக் காட்டியது. கட்டுப்பாட்டுத் தண்டு பயணம் முழுவதும் அதிர்ந்து எச்சரித்தது. மூக்கைத் தன்னியக்கமாகக் கீழே தள்ளும் விசையை விமானிகள் மின்னிணைப்பைத் துண்டித்தே அடக்கினர். ஆயினும் பத்திரமாகத் தரையிறங்கினர்.

பதிவேட்டில் தலைமை விமானி எழுதியதோ, வேகமும் உயரமும் பற்றிய அளவீடுகள் முரண்படுகின்றன என்பதும், ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்பதுமே. தண்டு அதிர்ந்ததும் மின்னிணைப்பைத் துண்டித்ததும் அதில் இல்லை. ஜகார்த்தாவின் பொறியியலாளர் எழுதப்பட்ட குறைகளுக்கான திருத்தங்களைச் செய்து, சோதித்து, கையொப்பமிட்டார். மறுநாட்காலை புறப்பட்ட விமானம் பன்னிரண்டு நிமிடங்களில் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. 189 பேர் பலியாகினர்.

2019 ஒக்டோபரில் வெளியான இந்தோனேசிய விசாரணை அறிக்கை, ஒன்பது காரணிகளுள் இந்த விடுபடுதலையும் ஒன்றாகச் சேர்த்தது. ஒரே உணரியை நம்பிய மென்பொருள் வடிவமைப்பும், அதனைப்பற்றி விமானிகளுக்கு அறிவிக்காமையும் அவ்வறிக்கையில் கண்டிக்கப்பட்ட பெருந்தவறுகள். எனவே விமானி ஒருவர்மீது முழுப்பழியையும் சுமத்துவது நீதியாகாது. ஆயினும், நேற்றிரவு என்ன நேர்ந்தது என்பதை அறிந்த மனிதர்கள் உயிரோடிருந்தும், அவ்வறிவு அடுத்த விமானிகளின் கைக்கு எட்டவில்லை என்பதை மறுக்க முடியாது.

இவ்விரு சம்பவங்களிலும் பதிவேட்டில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டவை உண்மையே, ஆனால் போதுமானவையல்ல. சோதனையின் முடிவு பதிவானது, அதற்காக மாற்றிய ஆளியின் நிலை பதிவாகவில்லை. கருவி காட்டிய முரண் பதிவானது, விமானி அனுபவித்ததும் செய்ததும் பதிவாகவில்லை. அடுத்து வருபவர் தம்மைப்போலவே யாவையும் அறிந்திருப்பார் என எண்ணுவது மனித இயல்பு. பதிவேடு இருப்பதே அந்த எண்ணத்தைத் திருத்துவதற்காகத்தான்.

உறவுகளைக் காணக் கண்டங்கள் தாண்டிப் பறக்கும் நாம், ஆசனத்தில் அமர்ந்ததும் விமானியின் திறமையையே நம்புகிறோம். அவருக்கு முந்திய இரவில், முகமறியாத ஒருவர் எழுதிய சில வரிகளையும் சேர்த்தே நம்புகிறோம் என்பதை நினைப்பதில்லை.