பழைய படத்தில் நிற்கும் விமானம் எது?

நம் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் பழைய பீரோவிலும் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் எங்காவது ஒரு விமானம் இருக்கும். பக்கத்தில் வேட்டி கட்டிய தாத்தாவோ, காக்கிச் சட்டை போட்ட பெரியப்பாவோ நிற்பார். அவர் யார் என்று சொல்ல வீட்டில் ஆள் உண்டு. விமானம் எது என்று கேட்டால், "ஏதோ வெள்ளைக்காரன் காலத்து பிளேன்ப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மெக்கானிக்கல் படித்தவனுக்கு அந்தப் பதில் போதுமா? சில வருஷங்களாக இந்தத் துப்பறியும் வேலைதான் என் பொழுதுபோக்கு. மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்களுக்காக அதையே எழுதுகிறேன்.

"கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் விமானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கலாம். உண்டு. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அந்தத் தபாலைச் சென்னைக்கு ஓட்டிச் சென்றவர் நெவில் வின்சென்ட். இரண்டாம் உலகப்போரில் சோழவரம், தஞ்சாவூர், உளுந்தூர்பேட்டை ஆகிய ஊர்களில் ஓடுதளங்கள் இருந்தன. உளுந்தூர்பேட்டை அன்று நம் தென்னார்க்காடு மாவட்டம். செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்னும் பறக்கும் படகுகள் தண்ணீரிலேயே இறங்கின. பிற்காலத்தில் நெய்வேலிக்கு வாயுதூத் விமானம் வந்து போனது. ஆகவே நம் ஊர் ஆல்பங்களில் விமானம் இருப்பதில் அதிசயமில்லை.

கண்டுபிடிக்க நான் பின்பற்றும் வரிசை எளிது. முதலில் இறக்கை. ஒரு ஜோடியா, இரண்டு ஜோடியா? உடலுக்கு மேலேயா, கீழேயா? அடுத்து எஞ்சின். மூக்கு வட்டமாக, அகலமாக இருந்தால் பெரும்பாலும் காற்றால் குளிரும் ரேடியல் எஞ்சின். ஒடுக்கமாக நீண்டிருந்தால் வரிசை எஞ்சினாக இருக்கலாம். பிறகு சக்கரம், வால். கடைசியாக எழுத்தும் சின்னமும். வி.டி. என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவான சிவில் விமானம். 1929-க்கு முன் அந்த இடத்தில் ஜி.-ஐ. என்று இருக்கும். அபூர்வமான விமானங்களில் இந்த எழுத்துத்தான் கைகொடுக்கும். 1930-களில் வந்த மைல்ஸ் மெர்லின் உலகத்திலேயே நான்குதான் தயாரானது. அது டாட்டாவிடமும் இருந்தது என்றால் நம்புவீர்களா?

இனி ஒரு நிஜக் கேஸ். மஞ்சக்குப்பத்தில் நம் கல்லூரி நண்பர் ஒருவர் வீட்டுப் படம். பின்னால் "ஜப்பான் விமானம், 1942" என்று மையில் எழுதியிருந்தது. அவருடைய தாத்தா விமானப்படையில் ஃபிட்டராக இருந்ததாகச் சொல்வாராம். ஆனால் வீட்டில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. எதிரி விமானத்துக்குப் பக்கத்தில் எப்படி நின்றார் என்று பிள்ளைகளே பாதி நம்பவில்லை.

ஜப்பான் என்று எழுதியதற்குக் காரணம் புரிகிறது. 1942 ஏப்ரல் 6-ல் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையே காலியானது. அந்தப் பயத்தில் கண்ணில் பட்ட விமானமெல்லாம் ஜப்பான்தான்!

படத்தில் ரேடியல் எஞ்சின், இரண்டு பேர் உட்காரும் நீளமான கண்ணாடிக் கூண்டு. இறக்கையின் முன்விளிம்பு நடுப்பகுதியில் பின்னோக்கிச் சாய்ந்து, பிறகு திசை மாறுகிறது. மேலிருந்து பார்த்தால் டபிள்யூ எழுத்து மாதிரி தெரியும். அமெரிக்காவின் வல்ட்டி வெஞ்சென்ஸ் என்னும் செங்குத்துக் குண்டுவீச்சு விமானம் அது. புவியீர்ப்பு மையக் கணக்கு பிசகியதால், இறக்கையைப் புதிதாக வடிவமைக்காமல் நடுப்பகுதியை மட்டும் சாய்த்துச் சரிக்கட்டினார்களாம். நம்ம டிராயிங் ஹாலில் நடந்திருந்தால் வாத்தியார் சும்மா விட்டிருப்பாரா?

சின்னத்தையும் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு பெரும்பாலும் கருமையாகவே விழும். ஜப்பான் சின்னமென்றால் முழு வட்டமும் கருமையாக இருந்திருக்கும். இதிலோ வெளியே கருமை, நடுவில் வெளுப்பு. ஜப்பான் வட்டத்தோடு குழம்பக் கூடாதென்று இந்தப் போர்முனையில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் நடுச்சிவப்பை 1942-லிருந்து எடுத்துவிட்டார்கள். நீலமும் வெளிர்நீலமுமான வட்டம் 1943-ல் வந்தது.

இந்திய விமானப்படையின் 7-ஆம், 8-ஆம் ஸ்குவாட்ரன்கள் வெஞ்சென்ஸ் ஓட்டியவைதான். 1943 கடைசியிலிருந்து 1944 வரை பர்மா முனையில் ஜப்பானியருக்கு எதிராகவே பறந்தன. ஆக, பின்னால் எழுதியிருந்தது கதையையே தலைகீழாக்கிவிட்டது. தாத்தா எதிரி விமானத்தோடு நிற்கவில்லை. நம்மவர்கள் ஓட்டிய வகை விமானத்தோடு நிற்கிறார். ஒரு படம் முழு ஆதாரமாகிவிடாது. ஆனாலும் அவர் சொன்னது பொருந்தி வந்ததில் அந்த வீட்டில் எல்லாருக்கும் கண் கலங்கியது.

நண்பர்களே, படத்தின் ஓரத்தை வெட்டி ஃபிரேம் போடாதீர்கள். வால் எண்ணும் சின்னமும் ஓரத்தில்தான் இருக்கும். பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுங்கள். தப்பாக எழுதியிருந்தாலும் அழிக்காதீர்கள். பக்கத்தில் தனியாகத் திருத்தம் எழுதுங்கள். போர் முடிந்த அதே 1945-ல்தான் அண்ணாமலை நகரில் நம் பொறியியல் படிப்பும் தொடங்கியது. அந்தத் தலைமுறையில் இன்று சிலரே இருக்கிறார்கள். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் அடுத்த லீவில் ஊருக்குப் போனதும் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். விமானத்தின் பெயரை அப்புறம்கூடக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கிற மனிதரின் பெயரைச் சொல்ல அவர்களை விட்டால் ஆள் கிடையாது.