சோப்புப் படலத்தில் தொலைந்த பாதி ஆற்றல்

பியோ-சவார் விதியால் மட்டுமே பலரும் அறிந்த ஃபெலிக்ஸ் சவார், 1833இல் வேறொரு சோதனையைப் பதிவு செய்தார். மேலிருந்து விழும் நீர்த்தாரையைச் சிறு வட்டத் தகட்டின்மீது மோதவிட்டார். தகட்டின் ஓரத்தைத் தாண்டிய நீர் மெல்லிய தாளாகக் காற்றில் விரிந்தது. தாரையின் வேகத்திற்கேற்ப அது சிலவேளை மணிபோலக் கவிந்து மூடியது; சிலவேளை தட்டையாகப் பரந்து, ஒரு குறிப்பிட்ட தொலைவில் துளிகளாகச் சிதறியது. விளிம்பு ஏன் அங்கே நிற்கிறது? சரியான விடைக்கு நூறாண்டுக்கும் மேல் ஆயிற்று.

விடைக்கான வழி சோப்புப் படலத்தின் ஊடே சென்றது. படலத்தில் துளை விழுந்தால் அதன் விளிம்பு எவ்வளவு வேகத்தில் பின்வாங்கும் என்று 1867இல் அத்தனாஸ் டுப்ரே கணக்கிட்டார். படலம் சுருங்கும்போது விடுபடும் பரப்பு ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று கொண்டார். ஆற்றல் அழியாதல்லவா, ஐயத்துக்கு இடமில்லாத வாதமாகவே தோன்றும். ஆனால் கிடைத்த வேகம் உண்மையைவிட 41 விழுக்காடு அதிகம். 1891இல் ராலே பிரபு, உடையும் படலத்தை மின்பொறி ஒளியில் படம்பிடித்தே காட்டிவிட்டார். சூத்திரம் அப்போதும் திருந்தவில்லை.

1959இல், தம் 73ஆம் வயதில், ஜெஃப்ரி டெய்லர் அதைத் திருத்தினார். 1960இல் கியூலிக் தனியாக அதே முடிவுக்கு வந்தார். இருவரும் கணக்கிட்டது உந்தத்தை. பின்வாங்கும் விளிம்பு, எதிரே அசையாதிருக்கும் நீர்மத்தை வாரிச் சேர்த்துத் தடித்துக்கொண்டே போகிறது. ஓடுவது நிற்பதைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது மீள்தன்மையற்ற மோதல். விடுபட்ட ஆற்றலில் பாதி அங்கே வெப்பமாகிவிடுகிறது. அதை விழுங்குவது நீர்மத்தின் பாகுநிலை. வியப்பு என்னவெனில், வேகத்தைத் தரும் சூத்திரத்தில் பாகுநிலைக்கு இடமே இல்லை. பரப்பு இழுவிசையின் இருமடங்கை அடர்த்தி, தடிமன் ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். 1 மைக்ரான் தடிமனுள்ள சோப்புப் படலத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர்.

சவாரின் நீர்த்தாளுக்கும் இதே கணக்குத்தான். நீர் மாறா வேகத்தில் வெளிநோக்கி ஓடுகிறது. விரிய விரியத் தாள் மெலிகிறது. மெலிய மெலிய விளிம்பின் பின்வாங்கும் வேகம் கூடுகிறது. இரண்டும் சமமாகும் ஆரத்தில் விளிம்பு நிலைகொள்கிறது. டுப்ரேயின் சூத்திரப்படி அந்தத் தாள் பாதி ஆரத்திலேயே முடிந்திருக்க வேண்டும். 34 ஆண்டுகளுக்கு முன் சவார் அளந்தவற்றோடு ஒப்பிட்டிருந்தால் அன்றே ஐயம் எழுந்திருக்கும். தாரையின் வேகம் மிகும்போது தாள் கொடிபோலப் படபடத்து இந்த ஆரத்தை எட்டுமுன்பே கிழிகிறது. அது வேறு கதை.