கச்சியில் கள்வர் வேடம்

காமாட்சியம்மன் கோயிலுக்குச் செல்வோருள் பெரும்பாலோர் அம்மனைத் தொழுது, குங்குமம் பெற்று, பட்டுச்சேலை வாங்கும் அவசரத்தில் வெளியேறி விடுகிறார்கள். கருவறையை ஒட்டி ஓர் ஓரத்தில் நிற்கும் சிறிய திருமாலை நின்று காண்போர் சிலரே. அவருக்குக் கள்வர் என்று பெயர். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருக்கள்வனூர் தனியூர் அன்று. பெரிய காஞ்சிபுரத்தில் அம்மன் கோயிலுக்குள் அடங்கிய அந்த ஓரிடந்தான் திருக்கள்வனூர்! திருமகளும் அம்மனும் தனித்துப் பேசிக்கொண்டிருந்ததைத் திருமால் மறைந்திருந்து கேட்டாராம். கண்டுகொண்ட அம்மன் அவரைக் கள்வன் என்றழைத்தாளாம். தலபுராணம் இவ்வாறு சொல்கிறது. இலக்கியச் சான்றோ ஒரே ஒரு சொல். திருமங்கையாழ்வார் திருநெடுந்தாண்டகத்தில் கச்சித் திருப்பதிகள் பலவற்றை அடுக்கிச் செல்லும் பாசுரத்தில் 'கள்வா' என்று விளிக்கிறார். அந்த விளியே ஒரு திருப்பதியாயிற்று. கதை பாசுரத்துக்குப் பின்னர் எழுந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். அழைத்தவரும் கள்வர், அழைக்கப்பட்டவரும் கள்வர் என்பதுதான் இதில் சுவை.

இந்தக் கள்வர்களை நமக்கு மறுபடி நினைவூட்டியது ஓர் ஆட்டம். நம் மாணவர் நால்வர் ஞாயிறுதோறும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுகிறார்கள். ஒருவர் கதை நடத்துகிறார்; மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று, 'நான் மதில் ஏறுகிறேன்', 'நான் பூட்டைத் திறக்கிறேன்' என்று வாயாலேயே நடிக்கிறார்கள். முயற்சி பலித்ததா என்பதைப் பல முகப் பகடைகள் சொல்கின்றன. தெருக்கூத்து விடிய விடிய நடக்கும் நாட்டில் இது புதுமையன்று என்று முதலில் நினைத்தோம். ஆனால் கூத்தில் கதையின் முடிவு முன்பே தெரியும். துரியோதனன் எத்தனை முறை மேடை ஏறினாலும் படுகளத்தில் வீழ்ந்தே ஆக வேண்டும். இங்கே முடிவு ஆடுபவருக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. அந்த வேறுபாடு எங்களைச் சற்றே ஈர்த்தது.

அந்த நால்வருள் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் திருடன் வேடத்தில் வெளுத்து வாங்குகிறார். ஒரு நாள் அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக அந்த வேடத்தை ஏற்குமாறு மதுரைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவரைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். அதைப் பின்னர் சொல்வோம். முதலில் இந்த ஊரின் பழைய கள்வர்களைப் பார்த்துவிடலாம்.

காஞ்சியில் கள்வன் வேடம் மேடை ஏறியதற்கு நமக்குக் கிடைக்கும் மூத்த சான்று ஓர் அரசன் எழுதியது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் 'மத்தவிலாசப் பிரகசனம்' முழுக்க முழுக்கக் காஞ்சித் தெருக்களில் நிகழும் நகைச்சுவை நாடகம். 'மத்தவிலாசன்' என்பது அவ்வரசனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. நாடகம் 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியாரால் பதிப்பிக்கப்பட்ட பிறகே நம் காலத்தார்க்குத் தெரியவந்தது.

கதை சிறிது. சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையுடன் மதுக்கடைக்கு வருகிறான். குடித்துக் களித்திருக்கையில் கையிலிருந்த மண்டையோட்டைக் காணவில்லை என்று உணர்கிறான். அதில் சுட்ட இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்க வேண்டும், அல்லது பௌத்தத் துறவியாக இருக்க வேண்டும்! அந்நேரம் பார்த்து நாகசேனன் என்னும் துறவி தன் ஓட்டை ஆடைக்குள் மறைத்தபடி வருகிறான். பிறகென்ன, பிடிபட்டான். திருட்டு நூல் செய்த கரபடனை வணங்க வேண்டும் என்று தொடங்கும் காபாலிகன், உடனே திருத்திக்கொண்டு, இத்துறையில் புத்தரே அவனை விஞ்சியவர், வேதாந்தத்திலும் பாரதத்திலும் இருந்து கருத்துகளைத் திருடியன்றோ தம் கருவூலத்தை நிரப்பினார் என்கிறான். துறவியின் ஓடு நிறத்தால் வேறு என்று தெரிந்தபோதும் அவன் விடுவதில்லை; நிறத்தை மாற்றிவிட்டான் என்கிறான். வழக்குமன்றம் செல்லலாம் என்ற பேச்சு எழுகையில் தேவசோமை அதைத் தடுக்கிறாள்: மடங்களின் செல்வம் இவன் பக்கம் இருக்கிறது, நீதிமன்றத்தார் வாயை இவன் அடைத்துவிடுவான், நம்மிடம் என்ன இருக்கிறது? அரசனே எழுதிய நாடகத்தில் அவன் தலைநகர் நீதிமன்றத்தைப் பற்றி இப்படி ஒரு பேச்சு! இறுதியில் பித்தன் ஒருவன் நாயிடமிருந்து பறித்த ஓட்டுடன் வந்து சேர்கிறான். நாய்தான் திருடன்.

நாடகத்தைப் படித்தவர்கள் பாசுபதனையும் பித்தனையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நமக்கு நாகசேனன் மேல்தான் கண். இந்த நாடகத்தில் கள்வன் என்னும் வேடத்தை எவரும் விரும்பி ஏற்கவில்லை. அது நாகசேனன்மேல் போர்த்தப்படுகிறது. ஆடைக்குள் எதையோ மறைத்தான் என்பதும், வேற்றுச் சமயத்தான் என்பதும் போதுமானவையாயின. அவன் அப்பழுக்கற்றவன் அல்லன்தான். மதுவையும் மங்கையரையும் அனுமதிக்கும் மூலநூலை மூத்த துறவிகள் ஒளித்துவிட்டார்களோ என்று ஏங்குபவன் அவன். ஆனால் ஓட்டை அவன் எடுக்கவில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்து திருமங்கையாழ்வாரிடம் வருவோம். இவர் காலத்தை முடிவு செய்யக் காஞ்சியே துணை. வைகுந்தப் பெருமாள் கோயிலாகிய பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடுகையில் பல்லவ மன்னன் நந்திவர்மனின் போர்களைக் குறிப்பிடுகிறார். அட்டபுயகரப் பதிகத்தில் வயிரமேகன் பெயர் வருகிறது. எட்டாம் நூற்றாண்டு என்று கொள்வதே பொருத்தம்.

ஆறாயிரப்படி முதலிய குருபரம்பரை நூல்கள் சொல்லும் வரலாற்றை அன்பர்கள் அறிவர். ஆலிநாட்டுச் சிற்றரசர், குமுதவல்லியை மணக்க வேண்டி நாள்தோறும் அடியார்க்கு அமுது செய்விக்க ஒப்பினார், சோழனுக்குச் செலுத்த வேண்டிய திறைப்பொருள் அதில் கரைந்தது, சிறைப்பட்டார். கனவில் கச்சி வரதர் தோன்றி வேகவதிக் கரையில் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டினார், திறை கட்டப்பட்டது. (இன்றைய வேகவதியைப் பார்ப்பவர்களுக்கு அதில் புதையல் என்பது கொடிய நகைச்சுவையாகத் தோன்றும்.) அப்பொருளும் தீர்ந்தபின் வழிப்பறியில் இறங்கினார். மணமகன் கோலத்தில் தேவியுடன் வந்த இறைவனையே மறித்தார். கழலாத மெட்டியைப் பல்லால் கடித்து வாங்கினார். நகை மூட்டையோ பெயரவில்லை. என்ன மந்திரம் செய்தாய் என்று வாளை ஓங்கியபோது அந்த மணமகன் காதில் ஓதியது எட்டெழுத்து.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை? பெரிய திருமொழியின் முதற்பதிகத்திலேயே ஆழ்வார் தம்மைக் கள்வன் என்று சொல்லிக்கொள்கிறார். வஞ்சனை செய்து திரிந்ததாக வருந்துகிறார். பக்திக் கவிஞர்கள் தம்மைத் தாழ்த்திச் சொல்வது மரபு. அந்தத் தன்னிரக்கத்தைப் பிற்காலத்தார் குற்ற ஒப்புதலாக வாசித்துக் கதை கட்டினார்களா, அல்லது நிகழ்ந்த ஒன்றைத்தான் அவர் பாடினாரா? நாம் முன்னதன் பக்கமே சாய்கிறோம். மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் நம் குழுவிலேயே உள்ளனர். அவர்களோடு சண்டை தொடர்கிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம். திருவரங்கத் திருப்பணிக்காக ஆழ்வார் நாகப்பட்டினத்தில் திருடியதாகச் சொல்லப்படுவது பொன்னாலான புத்தர் உருவம். மத்தவிலாசத்தில் பௌத்தன் கள்வன். குருபரம்பரையில் பௌத்தனிடம் களவாடலாம். இரண்டு சிரிப்பும் ஒரே திசையில்தான் பாய்கின்றன.

திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாளில் இந்த வழிப்பறி இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது. மணல்வெளியில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் விரைய, திருமங்கை மன்னரும் அவர் கூட்டத்தாரும் மறிக்க, வேடுபறி நிகழ்கிறது. திருநகரிப் பக்கத்தில் பங்குனி உத்திரத்தை ஒட்டி இதே உற்சவம் உண்டு. மதுரைச் சித்திரைத் திருவிழாவிலோ கள்வர் வேடம் பூணுபவர் கடவுளே. கண்டாங்கி உடுத்து, கொண்டை முடித்து, கோல் ஏந்தி அழகர் மலையிறங்கி வருகிறார்.

வேடுபறி என்ற சொல்லில் உள்ள 'பறி' வேறோர் இடத்திலும் வருவது நினைவுக்கு வருகிறது. நன்னூல் குழூஉக்குறியைத் தகுதி வழக்குகளுள் ஒன்றாகச் சொல்லும். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். பொன்னைத் தொடுகிறவனின் மறைசொல்லாக இது அமைந்தது தற்செயல்தானா? சிலப்பதிகாரத்தில் களவு நூலை நமக்கு விரித்துரைப்பவன் ஒரு பொற்கொல்லன். கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள், இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது அவன், கள்வருக்குத் துணையாவன எட்டு என்று பாடம் நடத்துகிறான். கருவி, காலம், இடம் மட்டுமல்ல, மருந்தும் மந்திரமும் தெய்வமும் நிமித்தமும் தந்திரமும் அவர்களுக்கு உண்டு என்கிறான். முகத்தைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். உண்மைக் கள்வனோ அங்கே ஆசிரியர் இருக்கையில் அமர்ந்திருக்கிறான். களவு நூல் கேட்ட காவலருள் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

இனி அந்த மேசை ஆட்டத்துக்கு வருவோம். 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற அந்த ஆட்டத்தைக் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974இல் வெளியிட்டனர். முதல் பதிப்பில் மூன்றே வகை வேடங்கள்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. திருடன் இல்லை! 1975இல் வந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூலில்தான் திருடன் தனி வகையாகப் பிறந்தான். ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ் ஆகியோர் கதைகளில் வரும் திருடர்கள் அவனுக்கு முன்மாதிரி. பூட்டுத் திறத்தல், பொறியை நீக்கல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல் என்று அவன் திறமைகள் நூற்றுக்கு இத்தனை என்று அட்டவணையாயின. மதுரைக்காஞ்சியில் நூலேணியும் உளியும் கொண்டு இருளில் இருளாக வரும் கள்வரை மாங்குடி மருதனார் காட்டியதையும், மிருச்சகடிகத்துச் சர்விலகன் பூணூலால் சுவரை அளந்து கன்னமிட்டதையும் படித்த நமக்கு அந்த அட்டவணை பழகிய முகமாகவே இருந்தது. பின்னர் வந்த விதிநூல்களில் திருடருக்கெனக் குழூஉக்குறியும் சேர்ந்துகொண்டது.

அந்த ஆட்டத்தின் பழைய ஆர்வலர்களிடையே ஒரு பூசல் உண்டு. 1975க்கு முன்பு ஓசையின்றி நடக்க எவரும் முயலலாம். வீரனும் பூட்டை உடைக்கலாம், பூசாரியும் மறைந்து கேட்கலாம். திருடன் தனி வகையானவுடன் அவை அவனுக்கே உரியவை என்று பலரும் கொள்ளத் தொடங்கினர். எல்லாரும் செய்யக்கூடிய ஒரு செயல் ஒருவனுடைய இயல்பாக எழுதப்பட்டது. அந்த வகைப்பாட்டை ஆங்கிலத்தில் கிளாஸ் என்கிறார்கள். நம் மாணவர்கள் அதை 'வகுப்பு' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். என்ன வகுப்பு என்று கேட்டால் நம் ஊரில் சாதியைக் கேட்கிறார்கள் என்று பொருள் என்பதை எண்ணி அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

ஆனால் அந்தச் சொல் மதுரைப் பக்கத்து மாணவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஏன் தம்பி, ஒரு நாள் வேடந்தானே என்று நாம் கேட்டோம். கேட்டிருக்க வேண்டாம்.

"எங்க பூட்டன் பேரு ரேகைப் புஸ்தகத்துல இருந்துச்சுங்க ஐயா. அவரு ஒரு கோழியைக்கூடத் திருடுனதில்ல. ராத்திரியானா டேசன்ல போயிப் படுக்கணும். நான் வேற எதா இருந்தாலும் ஆடுறேன்" என்றார். குரலில் சினம் இல்லை.

குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் கால் பதித்தது. குறிப்பிட்ட குடியில் பிறந்தவர் என்பதே பதிவேட்டில் பெயர் ஏறவும் கைரேகை வைக்கவும் போதுமானதாயிற்று. இரவுதோறும் ஆஜராக வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது. அழகர் எந்தக் குடியின் கோலத்தில் ஆற்றில் இறங்கினாரோ அந்தக் குடியின் ஆண்கள், அதே ஆண்டுகளில், காவல் நிலையத் தாழ்வாரங்களில் படுத்துக்கிடந்தார்கள். அழகருக்கு விழா முடிந்தால் வேடம் கலையும்.

அன்றைய ஆட்டத்தில் திருடன் இல்லாமலே அவர்கள் ஒரு கோட்டைக்குள் நுழைய முயன்றார்கள். மதுரை மாணவர் பூசாரி வேடம் ஏற்றார். பூட்டிய கதவு ஒன்று வந்தபோது எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நடத்துபவர் சற்று யோசித்து, பழைய விதிப்படி யார் வேண்டுமானாலும் முயலலாம் என்று அறிவித்தார். பூசாரிதான் பகடையை எடுத்தார். கதவு திறக்கவில்லை, காவலர்கள் விழித்துக்கொண்டதுதான் மிச்சம். அனைவரும் சிரித்துக்கொண்டே ஓடித் தப்பினார்கள்.

மாலையில் நால்வரையும் கூட்டிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனோம். கள்வரைக் காட்டி, ஆழ்வார் அழைத்த ஒற்றைச் சொல்லையும் சொன்னோம். மதுரை மாணவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவரைப் பதிஞ்சுவச்சுருக்காங்களா ஐயா?" என்று கேட்டார். நூற்றெட்டில் ஒன்றாகப் பதிந்திருக்கிறார்கள் என்றோம்.