கம்பம் வரைக்கும் வந்துருச்சுங்க

கோயமுத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களின் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், "சிறுவாணித் தண்ணி வருதுங்களா?" அடுத்து, "கரண்ட்டுக்குத் தனி மீட்டருங்களா?" இந்த இரண்டுக்கும் வீட்டுக்காரர் பெருமையாகவோ மழுப்பலாகவோ ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார். மூன்றாவதாக, "நெட் எதுங்க வரும்?" என்று கேட்டால் அவரே யோசிப்பார். "அது கேபிள்காரர்கிட்டக் கேட்டுக்கணுங்க. இந்தப் பக்கமெல்லாம் அவரோட ஏரியா."

பத்து வருடத்தில் நான்கு வீடு மாறியவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பதில் மனப்பாடம். தண்ணீருக்கு மாநகராட்சி, கரண்ட்டுக்கு மின்வாரியம், இணையத்துக்கு மட்டும் ஏன் கேபிள்காரர்? அவருக்கு 'ஏரியா' என்று ஒன்றை யார் பிரித்துக் கொடுத்தார்கள்? தொண்ணூறுகளில் பிறந்த நமக்கு இது இயற்கை விதி மாதிரி பழகிவிட்டது. ஆனால் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, டெல்லியில் எடுத்த ஒரு முடிவும் எடுக்காமல் விட்ட ஒரு முடிவும் இருக்கின்றன.

கம்பியிலிருந்து தொடங்கலாம். மெட்ராஸில் முதல் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் 1882இல் வந்தது. அதற்கு நூறு வருடங்களுக்குப் பிறகும்கூட வீட்டில் போன் என்பது அந்தஸ்து. 1991 வாக்கில் மொத்த இந்தியாவுக்கும் சுமார் 50 லட்சம் தொலைபேசிகள்தான் இருந்தன. மக்கள்தொகை அப்போது 84 கோடி. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 'ஓன் யுவர் டெலிபோன்' என்ற திட்டத்தில் பெருந்தொகையை டெபாசிட் கட்டினால் கொஞ்சம் முன்னால் நகரலாம். அப்படி வந்த போனை வைத்துக்கொண்டு வீடு மாறுவது தனிக்கதை. 'ஷிஃப்டிங்' அப்ளிகேஷன் எழுதிக்கொடுக்க வேண்டும். அதே எக்ஸ்சேஞ்ச் எல்லைக்குள் மாறினால் நம்பர் நிலைக்கும். எல்லை தாண்டினால் நம்பரும் போய்விடும். அதனால் போன் நம்பருக்காகவே பக்கத்துத் தெருவில் வீடு தேடியவர்களும் இருந்தார்கள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு செம்புக் கம்பிகள் வர வேண்டும். அதுதான் ஒரு 'பேர்'. எக்ஸ்சேஞ்சிலிருந்து தடித்த கேபிளாக மண்ணுக்கடியில் கிளம்பி, தெருமுனையில் இரும்புப் பெட்டியாக நிற்கும் பில்லருக்கு வந்து, அங்கிருந்து கம்பத்திலோ சுவரிலோ தொங்கும் டிபி பெட்டிக்குப் பிரிந்து, கடைசியில் நம் வீட்டுச் சன்னல் வழியாக நுழையும். பெட்டியில் பத்து பேர் இருந்து பத்தும் கொடுத்தாகிவிட்டால் பதினோராவது வீட்டுக்காரர் காத்திருக்க வேண்டியதுதான். லைன்மேன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பேர் இல்லீங்களே" என்பார். என் அப்பாயி அதைக் கேட்டுவிட்டு, "பணம் கட்டுனது நாம, நம்ம பேரு எப்படி இல்லாமப் போகும்?" என்று சண்டைக்குப் போனார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது தவறான கேள்வியே இல்லை.

இணையம் இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. திறந்தது விஎஸ்என்எல். பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் என்று பெருநகரங்களில்தான் தொடக்கம். கோவை அந்த முதல் பட்டியலில் இல்லை. 1998 நவம்பரில் தனியாருக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் இணையம் எங்கள் பக்கம் வேகமாக வந்தது, அதுவும் வீட்டுக்கு அல்ல, கடைக்கு. காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டிலும் ஆர்.எஸ்.புரத்திலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. ப்ளஸ் டூ ரிசல்ட் நாளில் அங்கே நின்ற கூட்டம் ரேஷன் கடையில்கூட நின்றிருக்காது. ஆனால் மற்ற நாட்களில் அந்தக் கூட்டம் பையன்களின் கூட்டம். பலகைத் தடுப்பு வைத்த கேபின்களுக்குள் பெண்பிள்ளைகளை அனுப்ப எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வரும் இணைப்பு என்பது வெறும் சௌகரியம் என்று யாராவது சொன்னால், என் வயதுப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். பல பேருக்கு அதுதான் முதல் வாசல்.

டயல்-அப் பற்றி நிறையப் பேர் ஏக்கத்தோடு எழுதிவிட்டார்கள், அந்தக் கீச்சுச் சத்தத்தை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. நமக்கு முக்கியமான வருடம் 2004.

அந்த ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. அரசு நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்கள் பணத்தில் இழுத்த செம்புக் கம்பி வீட்டு வாசல் வரைக்கும் இருக்கிறது. அதை மற்ற நிறுவனங்களும் வாடகை கொடுத்துப் பயன்படுத்தட்டும் என்பது அதன் சாரம். கம்பி ஒருவருடையது, அதன் வழியாகச் சேவை தருகிறவர் யாராகவும் இருக்கலாம். பிரிட்டன் அப்போதே அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் அக்டோபர் 14 அன்று மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. 256 கேபிபிஎஸ் வேகத்துக்கு பிராட்பேண்ட் என்று பெயர் வைத்தது. 2010க்குள் 2 கோடி பிராட்பேண்ட் சந்தாதாரர்கள் என்று இலக்கும் வைத்தது. ஆனால் கம்பியைக் கட்டாயமாகப் பகிர வைக்கும் யோசனையை ஏற்கவில்லை. 2010 முடிந்தபோது இலக்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பொதுச்சொத்தைத் தனியாருக்குத் திறந்துவிடவில்லை என்று அன்றைக்கு மகிழ்ந்தவர்கள் உண்டு. ஊழியர் சங்கங்களின் பயமும் நியாயமானதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். செம்புக் கம்பி இருக்கிற இடத்தில் பிஎஸ்என்எல் ஒன்றே கதி. இல்லாத இடத்தில் யாரும் கதி இல்லை. புதிதாக வருகிற தனியார் நிறுவனம் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே ஒரு கம்பி இழுக்க வேண்டும். அதற்குத் தெருவைத் தோண்ட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், செலவு கட்டுபடியாக வேண்டும். அப்படியானால் யாரிடம் ஏற்கனவே வீட்டுக்கு வீடு ஒரு கம்பி இருக்கிறது?

கேபிள்காரரிடம் இருக்கிறது.

1991 வளைகுடாப் போரை செயற்கைக்கோள் வழியாகப் பார்த்த சூட்டில் தேசமெங்கும் மொட்டைமாடிகளில் டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன. கொஞ்சம் எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்த, கொஞ்சம் பணமும் தெருவில் கொஞ்சம் செல்வாக்கும் இருந்த இளைஞர்கள் மாடிக்கு மாடி, மரத்துக்கு மரம், மின்கம்பத்துக்கு மின்கம்பம் கருப்பு வயரை இழுத்தார்கள். யாரும் அவர்களுக்கு ஏரியா பிரித்துக் கொடுக்கவில்லை. முதலில் வயர் இழுத்தவருடையது ஏரியா. அடுத்தவர் எல்லை தாண்டினால் ராத்திரி வயர் அறுபடும். கேபிள் தொலைக்காட்சிகளுக்கான சட்டம் வந்ததே 1995இல்தான். அதற்குள் தெருக்கள் பங்கு போடப்பட்டுவிட்டன. பிறகு பெரிய நெட்வொர்க்குகள் வந்தன. 2007இல் தமிழக அரசே அரசு கேபிள் டிவி நிறுவனத்தைத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அது மறுபடி உயிர்பெற்றது. மேலே சிக்னல் கொடுக்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கீழே வீட்டு வாசலில் வந்து பணம் வாங்குகிறவர் மாறவே இல்லை. பெரிய நிறுவனங்களின் இணையமும் அவர் கைவழியாகத்தான் பல தெருக்களுக்குள் நுழைந்தது. பின்னாளில் பிஎஸ்என்எல் தன்னுடைய ஃபைபர் இணைப்புகளை உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களோடு வருமானப் பங்கு அடிப்படையில் கொடுக்க ஆரம்பித்தது. செம்புக் கம்பியைப் பகிர மறுத்த ஏற்பாடு, கடைசியில் கேபிள்காரரின் கம்பியைப் பகிர்ந்துகொள்ள வந்து நின்றது. இதில் எனக்கு எப்போதும் ஒரு கசப்பான சிரிப்பு உண்டு.

நடுவில் பிஎஸ்என்எல்லின் பொற்காலம் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டதனம். 2005 பொங்கல் சமயத்தில் 'டேட்டாஒன்' வந்தது. 500 ரூபாய்த் திட்டத்தில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு தலைமுறையே அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்தது. படிக்கத்தான் எழுகிறான் என்று நம்பிய பெற்றோர்கள் பாலில் பாதாம் போட்டு வைத்தார்கள். 2007இல் வேகம் 2 எம்பிபிஎஸ் வரைக்கும் உயர்ந்தது. 'வரைக்கும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருந்தது. ஏடிஎஸ்எல் என்ற அந்தத் தொழில்நுட்பத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் தேயும். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் இணைப்பே நிற்காது. ஆக, எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில், பழைய ஊருக்குள், சொந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அது பொற்காலம்.

கோவையோ வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. 2010இல் விளாங்குறிச்சி பக்கம் டைடல் பார்க் திறந்தது. சரவணம்பட்டியில் ஐடி கம்பெனிகள் வந்தன. சோளக்காடுகள் சைட்டுகளாயின. 2011இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, துடியலூர், காளப்பட்டி எல்லாம் உள்ளே வந்தன. வரி நகரத்து வரியானது. கம்பி மட்டும் பின்தங்கியே நின்றது. உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிற கட்டடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டரில் குடியிருப்பவருக்கு வீட்டில் இணைப்பு இல்லை. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. விளாங்குறிச்சிப் பக்கம் நான் குடிபோன லேஅவுட்டில் ஒரு பெரிய கம்பெனியின் விற்பனையாளர் முன்பணமும் வாங்கிக்கொண்டு, பத்து நாள் கழித்து, "உங்க லொகேஷன் ஃபீசிபிள் இல்லைன்னு வருதுங்க சார்" என்றார். "எப்ப ஆகுங்க?" "கம்பம் வரைக்கும் வந்துருச்சுங்க. உங்க லைன்ல இன்னும் நாலு வீடு எடுத்தாங்கன்னா போட்டுறலாம்."

நான்கு வீடு சேர்ந்தால்தான் கம்பி. லாபக் கணக்கில் சரிதான். ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்தக் கணக்கு எப்படி இருந்தது என்பதை நாம் பார்த்தோம். அலுவலகம் வீட்டுக்கு வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் அண்ணனுக்கு மீட்டிங், தங்கைக்குக் கணக்கு வகுப்பு என்றால் எங்கள் தெருவில் பெரும்பாலும் தங்கைதான் விட்டுக்கொடுத்தாள். அதே வருடம் ஜனவரி கடைசியில்தான் பிஎஸ்என்எல்லிலிருந்து சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறியிருந்தார்கள். எந்தப் பில்லரில் எந்தப் பேர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய லைன்மேன்களும் அதில் போனார்கள். தேசத்துக்கே கம்பி தேவைப்பட்ட நேரத்தில் கம்பி தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

இந்த ஊருக்குக் கம்பியின் அருமை தெரியாதா என்ன? 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியதால்தானே கோவையில் மில்கள் பெருகின. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கொங்கு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். மின்சாரம் உரிமை என்ற எண்ணம் இங்கே அப்படி வேரூன்றியது. சட்டமும் பிறகு அதைச் சொன்னது. மின்சாரச் சட்டம் 2003இன் 43ஆம் பிரிவுப்படி, வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் விநியோக நிறுவனம் இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் உண்டு. 'குடியிருப்பவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாடகைக்காரரும் அதில் அடக்கம். மின்வாரியம் "இன்னும் நாலு வீடு சேரட்டும்" என்று சொல்லிவிட்டு நிரந்தரமாக நழுவ முடியாது.

பிராட்பேண்டுக்கு அப்படி ஒரு கடமை யார் மேலும் இல்லை. பின்லாந்து 2010இலேயே 1 எம்பிபிஎஸ் இணைப்பைச் சட்டப்படியான உரிமையாக்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், வாளையாறைத் தாண்டினால் போதும். 2019இல் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் மாணவிகளுக்குச் செல்போன் தடை விதித்ததற்கு எதிராக ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவதைக் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்த்துப் பார்த்தது. 2023 ஜூனில் கேரள அரசு கேஃபான் என்ற தன் ஃபைபர் வலையைத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணைப்பு என்பது அதன் அறிவிப்பு. சொன்ன வேகத்தில் அது நடக்கவில்லை என்ற விமர்சனம் அங்கேயே உண்டு. நம்மிடமும் டான்ஃபினெட் இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டம். ஆனால் அது ஊராட்சி வரைக்கும். அங்கிருந்து வீட்டுக்கு? அங்கேயும் கம்பம் வரைக்கும்தான்.

வாடகைக்காரருக்கு இன்னொரு கம்பமும் தாண்ட வேண்டியிருக்கிறது. ஃபைபர் வயர் உள்ளே வரச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை வேண்டும். "புதுசா பெயின்ட் அடிச்சதுங்க, ஓட்டையெல்லாம் வேண்டாங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் முடிந்தது. சன்னல் இடுக்கு வழியாக விட்டால் ஒவ்வொரு முறை சன்னலைச் சாத்தும்போதும் வயர் நசுங்கி, பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கும். அதற்கும் முன்னால், "நீங்க எந்த ஊருங்க, என்ன ஆளுங்க?" என்று கேட்டுத்தான் எங்கள் பக்கம் பல வீடுகளின் சாவியே கைமாறுகிறது. ஊருக்குள், கம்பிக்குப் பக்கத்தில் உள்ள வீடு யாருக்குக் கிடைக்கிறது, யார் கடைசி லேஅவுட்டுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பதையும் சேர்க்காமல் 'ஃபீசிபிள் இல்லை' என்பதை வெறும் தூரக் கணக்காக என்னால் பார்க்க முடிவதில்லை.

என் விஷயத்தில் கடைசியில் கேபிள்காரர்தான் வந்தார். அப்பா இழுத்த கருப்பு வயரின் தடத்திலேயே மகன் மெல்லிய வெள்ளை வயரை இழுத்து, ஸ்ப்ளைஸ் மெஷினை காம்பவுண்ட் சுவர் மேல் வைத்து இரண்டு கண்ணாடி இழைகளைக் கண்ணெதிரே ஒட்ட வைத்தார். ரிப்பேர் என்றால் கூப்பிட அவருடைய சொந்த நம்பரைக் கொடுத்தார். கால் சென்டர் இல்லை, டிக்கெட் நம்பர் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாலும், "ஏனுங்ண்ணா, லைன் போயிருச்சுங்களா? காத்தால வந்தர்றனுங்க" என்கிறார், வந்தும்விடுகிறார். அவருக்கு இப்போது கவலை வேறு. மின்கம்பங்களில் கட்டிய வயர்களை மின்வாரியம் அவிழ்க்கச் சொன்னால் முப்பது வருட ஏரியா ஒரே நாளில் கீழே விழும். ஏரியாவுக்குப் பட்டா கிடையாது.

எங்கள் தெருமுனையில் பழைய பில்லர் பெட்டி இன்னும் நிற்கிறது. கதவு போய்விட்டது. உள்ளே செம்பை யாரோ எப்போதோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். காலியாகிவிட்ட கதவுச் சட்டத்தில் தெருப் பூக்காரம்மா பையை மாட்டி வைக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா 0422இல் தொடங்கும் தன் பழைய நம்பரை மட்டும் விடவில்லை, ஃபைபருக்கு மாறியபோது அதே நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். யாரும் அதில் கூப்பிடுவதில்லை. கேட்டால், "எட்டு வருசம் காத்துக்கெடந்து வாங்குன நம்பருங் கண்ணு" என்கிறார்.